பிரேக்கை மிதித்த கால்

ஓட்டுநர் தேர்வு அலுவலகத்தில் அவளுக்குப் பிரேக் அக்கா என்றுதான் பேர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்தான். பரிசோதகர் ஆவதற்கு முன்னால் பல வருஷம் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். அந்தக் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் திருதிருவென்று முழித்தால் இவர் மிதித்து நிறுத்துவார். மிதித்து மிதித்து அவள் காலுக்கு அதுவே புத்தியாகிவிட்டது. புருஷனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாலும் கால் சும்மா இருக்காது. "அம்மா தாயே, பிரேக் என்கிட்ட இருக்கு, நீ பேசாம வா" என்பார் அவர்.

பரிசோதகர் வேலை கிடைத்தபோது அவள் சந்தோஷப்பட்டதைவிடப் பயந்ததுதான் அதிகம். ஒருத்தன் பிழைப்பு தன் வாயிலிருந்து வருகிற ஒரே வார்த்தையில் தொங்குகிறது என்றால் பயம் வராதா? அவள் பாஸ் என்றால் பாஸ், ஃபெயில் என்றால் ஃபெயில். காலையில் தேர்வுக் காரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வாள். "ஆண்டவனே, இந்தச் சீட்டுல உக்கார வச்சது நீ. யாரு வந்தாலும் நான் உன் ஆளுதான்." அவ்வளவுதான் அவள் பிரார்த்தனை. பழக்கூடையோடு வந்தவர்கள் கூடையோடு திரும்பினார்கள். மேலிடத்திலிருந்து போன் போட்டவர்களுக்கு, "சரிங்க, நல்லா ஓட்டினா கண்டிப்பா பாஸ்ங்க" என்று பவ்யமான பதில் கிடைத்தது. இதெல்லாம் ஒரு பெரிய காரியமா? முன்பின் தெரியாதவனிடம் கறாராக இருக்க யாருக்குத்தான் முடியாது! சோதனை என்றால் அது சொந்த வீட்டுக்குள்ளிருந்து வரவேண்டும். வந்தது.

அவளுக்கு ஒரு தம்பி. அவன் வேலை பார்த்த அச்சகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். மனைவி மாசமாக இருக்கிறாள், இவன் பகலெல்லாம் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு மழலையர் பள்ளி நடத்துகிற அம்மாள், "லைசென்ஸ் வாங்கிட்டு வாங்க தம்பி, திங்கக்கிழமையிலேருந்து நம்ம வேனை நீங்கதான் ஓட்டுறீங்க" என்று சொல்லிவிட்டார். பையன் விழுந்தடித்துக்கொண்டு ஓடிப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, தேர்வுக்கும் தேதி வாங்கிவிட்டான்.

அந்த அலுவலகத்தில் இன்னொரு பரிசோதகர் உண்டு. அவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து கால் உடைந்து படுத்திருந்தார். அவள் அதிகாரியிடம் போய், "சார், வர்றது என் கூடப்பிறந்தவன். வேற யாரையாச்சும் போடுங்க" என்று கேட்டுப் பார்த்தாள். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "வேற யாரு இருக்கா? உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கும்மா, நீங்களே பாருங்க." இந்த நம்பிக்கை இருக்கிறதே, அது தலையில் வைக்கிற பாறாங்கல். சந்தேகப்பட்டிருந்தாலாவது கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தம்பி நன்றாகத்தான் ஓட்டினான். கண்ணாடி பார்த்தான், கை காட்டினான், பின்னால் எடுத்தபோதும் அலுங்காமல் எடுத்தான். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. கடைசித் திருப்பத்தில், காய்கறிப் பையோடு நின்ற ஒரு பெரியவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டார். கார் அவருக்கு முன்னால் கச்சிதமாக நின்றது. பெரியவர் பாட்டுக்குக் கடந்து போனார்.

"பாத்தியாக்கா! எப்படி நிறுத்தினேன்!" தம்பியின் முகம் முழுக்கச் சிரிப்பு. அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அவள் தன் காலைப் பார்த்தாள். அது பிரேக்கின் மேல் இருந்தது. பயிற்சிக் கார் மாதிரியே தேர்வுக் காரிலும் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு, இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. இவள் மிதித்தால் அவன் பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கும். அவன் கால் வந்து சேர்ந்தபோது பெடல் ஏற்கெனவே இறங்கியிருந்தது, பாவி அதைத் தான் இறக்கியதாக நினைத்துக்கொண்டான். பரிசோதகர் பிரேக் போட்டால் தேர்வு அத்தோடு முடிந்தது, ஃபெயில்.

ஆனால் யார் பார்த்தார்கள்? ஓட்டியவனுக்கே தெரியாது. கொஞ்சம் பிந்தினாலும் அவன் காலும் வரத்தானே செய்தது? போகப்போகப் பழகிக்கொள்ள மாட்டானா? பாஸ் என்று ஒரு வார்த்தை, ஒரு குடும்பம் கரையேறிவிடும். அவள் கண்ணை மூடினாள். தினமும் சொல்கிற வார்த்தை பாதியில் நின்றது. யாரு வந்தாலும் என்று வாய் கிழியச் சொன்னாயே, அந்த யாரில் இவன் உண்டா, இல்லையா?

"நீ நிறுத்தலடா. நான்தான் நிறுத்தினேன்."

"என்னக்கா விளையாடுறியா? இதோ பாரு, என் கால் பிரேக்லதான் இருக்கு!"

"வந்துச்சு. லேட்டா வந்துச்சு."

தம்பியின் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சரி, அப்படியே வச்சுக்கோ. யாருக்குத் தெரியும்? வண்டிக்குள்ள நீயும் நானும் மட்டும்தானே?"

"நம்ம ரெண்டு பேரு மட்டும்னா பரவாயில்லையேடா" என்றாள் அவள். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் ஃபெயில் போட்டாள்.

அப்புறம் வீட்டில் நடந்ததைக் கேட்க வேண்டுமா? "கூடப்பிறந்தவன் வயித்துல அடிக்கத்தான் உனக்குப் பதவியாடி?" என்று அம்மா போனை வைத்தாள். தம்பி மனைவி வாசலில் பார்த்தும் பார்க்காதவள்போல் கதவைச் சாத்தினாள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு ஒன்று. ஸ்கூட்டரில் போனாலே தானாக அழுத்துகிற கால் ஆயிற்றே அது! அவசரப்பட்டு மிதித்துத் தொலைத்ததோ? ஒரு நொடி பொறுத்திருந்தால் அவனே நிறுத்தியிருப்பானோ? கடவுளுக்கு உண்மையாக இருக்கிறேன் பேர்வழி என்று தம்பிக்கு அநியாயம் செய்துவிட்டேனோ? சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டுக்கே போய்விட்டாள். "வா. இந்தப் பக்கம் பிரேக் இல்லாத வண்டியில ஓட்டு. நீ நிறுத்திட்டா, தப்பு என் மேலன்னு ஆபீசுல நானே போய்ச் சொல்றேன். என் வேலை போனாலும் சரி." அவன் வீறாப்பாகக் கிளம்பினான். "நானும் வரேன், எனக்கும் தெரியணும்" என்று தம்பி மனைவியும் ஏறிக்கொண்டாள்.

மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் காலி மைதானம். அவள் புருஷன் தன் பழைய காரைக் கொடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கயிற்றில் கட்டி எதிர்ப்பக்கப் புதரில் வைத்துவிட்டு, கயிற்று முனையோடு இடிந்த சுவருக்குப் பின்னால் ஒளிந்தார். தம்பி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும், அவர் திடீரென்று பக்கெட்டைக் குறுக்கே இழுப்பார்; எந்தச் சுற்றில் என்று யாருக்கும் சொல்லவில்லை. தம்பி மனைவி ஓரமாக நின்றாள். அக்கா தம்பிக்குப் பக்கத்தில் ஏறி, இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். "நல்லா பாத்துக்கோ. அப்புறம் நான் மிதிச்சேன்னு சொல்லாதே." மனசுக்குள், ஆண்டவனே, நான் தப்பா இருந்தா அதையும் மூடி மறைக்காதே என்றாள்.

முதல் சுற்றில் ஒன்றும் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. அதற்கடுத்த சுற்றில் பக்கெட் துள்ளிக்கொண்டு குறுக்கே வந்தது.

டமார்! பக்கெட் காருக்கு அடியில் போய்ச் சடசடவென்று நொறுங்கியது. அதைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் கார் நின்றது.

தம்பி ஸ்டியரிங்கை விடவில்லை. குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிப் பள்ளி மாஸ்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு தானே மிதித்துவிடுகிறவர்.

"கால் போகவே இல்லக்கா. யாராச்சும் மிதிப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருந்துச்சுக்கா." அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். "திங்கக்கிழமை வேன்ல சின்னச் சின்னப் பிள்ளைங்கக்கா..."

அவ்வளவுதான், உடைந்துவிட்டான். அவள் அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஆண்டவனே, ஆண்டவனே" என்று வாய்விட்டே சொன்னாள். எத்தனை நாளாக நெஞ்சில் கிடந்தது, அப்பாடா, இறங்கிவிட்டது. தம்பி மனைவி ஓடிவந்து கதவைத் திறந்தாள். நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுவருக்குப் பின்னாலிருந்து புருஷன் வந்தார். கயிற்றின் முனையில் பக்கெட்டின் கைப்பிடி மட்டும் ஆடியது. "பக்கெட் போச்சு. அடுத்து யாரைக் கட்டி இழுக்கிறதா உத்தேசம்? என்னையா?"

நான்கு பேரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை வேனை வேறு யாரோ ஓட்டுவார்கள், ஓட்டட்டும். தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு காரை மறுபடி கிளப்பினான்.

"மாமா, வண்டி டிக்கியில ஒரு பழைய அட்டைப்பெட்டி கிடக்கு, அதைக் கட்டுங்க. நான் நிறுத்துற வரைக்கும் இன்னிக்கு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அக்கா, நீ காலைக் கீழ இறக்காதே."