மேல் பலகை

நம்பினால் நம்புங்கள். என் இடது கையில் மூன்று விரல்கள் இன்னும் சரியாக மடங்குவதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நல்ல பட்டப்பகல். மாலை ஆறு மணிக்கு நான் முதல்முறையாக மேடையில் கிடார் வாசிக்க வேண்டும். நாலு மாதம் கண் எரிய எரிய நானே ஈயம் பற்றவைத்துச் செய்த ஆம்ப், கிடார் ஒலியைப் பெருக்கும் கருவி, தயார். அதற்குப் பெட்டி செய்தவர் மாமா, அக்கா வீட்டுக்காரர், தச்சர். "இந்தப் பெட்டிக்குள்ள நீயே குடியிருக்கலாம் மாப்ள" என்று ஒரே கிண்டல்.

மணி 2:40. சேசிஸை, அதாவது பாகங்கள் எல்லாம் பொருத்திய இரும்புத் தட்டை, மேசையில் வைத்தே, கிடாரை அதில் இணைத்து வாசித்துப் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் விரல் தடுமாறியது.

'டக்.'

காலிப் பெட்டியிலிருந்து வந்த சத்தம். புது மரம் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு மறுபடி வாசித்தேன். அதே இடம். அதே தடுமாற்றம்.

'டக்.'

"ஸ்க்ரூ வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் கை வைக்காத" என்று மாமா கிளம்பினார். எனக்கு ஏது பொறுமை?

சேசிஸைப் பெட்டிக்குள் தலைகீழாகத் தூக்கி, அதன் மேல் பலகையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் மேலிருந்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும். சரியாக உட்காருகிறதா பார்ப்போமே என்று, 3:10-க்கு, தனியாகத் தூக்கினேன். பன்னிரண்டு கிலோ. வழுக்கியது. அவசரத்தில் இடது கை விரல்களை விளிம்பின்மேல் மடக்கிப் பிடித்தேன். பலகைக்கும் இரும்புக்கும் நடுவில்... செய்யவே கூடாத தப்பு.

தலைக்கு மேலே, கர்ர்ர்... கர்ர்ர்...

ஸ்க்ரூ முடுக்கும் சத்தம். மாமா திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"மாமா, பொறுங்க! விரல் உள்ள இருக்கு!"

கர்ர்ர்... இடைவெளி குறைந்தது.

"மாமா!"

விரல் எலும்பில் இரும்பு ஏறியது. கத்தினேன். அழுதேன். வலது கையை எடுத்துவிட்டேன். சேசிஸ் விழவில்லை. என் விரல்களைக் கவ்வியபடி அந்தரத்தில் நின்றது.

காதருகே ஒரு பெண் குரல். கோபமே இல்லாமல்.

"மறுபடியும்."

கர்ர்ர்...

3:22. கதவு திறந்தது.

"என்னடா பண்ற?"

மாமா. அந்த நொடியே சேசிஸ் பொத்தென்று விழுந்தது. ஆம்பின் கண்ணாடி வால்வுகள் எல்லாம் தூள். மேல் பலகையில் ஒரு ஸ்க்ரூகூட இல்லை. நான்கும் மாமா கையில் இருந்தன... பிரிக்காத பொட்டலமாக.

ஆறு மணிக்கு நான் மேடையில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கட்டுப் பிரித்த நர்ஸ், என் விரல்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு தன் இடது கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே மூன்று விரல்கள். அதே கோணல்.

"சின்ன வயசுல பியானோ கத்துக்கிட்டேன். தப்பா வாசிச்சா டீச்சர் விரல் மேல மூடியச் சாத்துவாங்க. அவங்க செத்தே இருபது வருஷமாச்சு."

துணைக்கு வந்திருந்த மாமா என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள... அந்த மேல் பலகை... ஒரு பழைய வீட்டை இடிச்சப்ப எடுத்தது. பியானோ மூடிடா."

குரல் கேட்டதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மாமாவிடம்கூட.

நர்ஸ் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"'மறுபடியும்'னு சொன்னாங்களா?"