இருபதாயிரம் லூமன்ஸ்: ஹேவ்லாக்கில் எந்த விளக்கை வாங்கக் கூடாது

போன ஜனவரி கடைசி வாரம், ஏழு நாள் விடுப்பில் அந்தமான் போனேன். நோக்கம் ஒன்றுதான். கடலுக்கடியில் படம் எடுக்கப் புதிதாக வாங்கிய விளக்குகளைச் சோதிப்பது. சோதித்தேன். இந்தப் பதிவைக் கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஆறவில்லை.

முதலில் வாங்கிய கதை. சென்னையில் ஒரு கடை. ஸ்ட்ரோப் வாங்கத்தான் போனேன். ஸ்ட்ரோப் என்பது கேமராவோடு சேர்ந்து ஒரு கணம் மட்டும் வெடித்து அணையும் ஃபிளாஷ். விற்பவர் சிரித்தார். “அது பழைய ஸ்டைல் சார். வீடியோ லைட் வாங்குங்க. போட்டோ, வீடியோ ரெண்டுக்கும் ஆச்சு. லூமன்ஸ், அதாவது வெளிச்ச அளவு, கூடக் கூட நல்லது.” அவர் கடலில் இறங்கியதுண்டா என்று நான் கேட்டிருக்க வேண்டும். இணையத்திலும் அதையேதான் எழுதியிருந்தார்கள். நம்பினேன். பத்தாயிரம் லூமன்ஸ் விளக்கு இரண்டு. தொடர்ந்து எரிபவை. ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்று மேல்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு இரண்டேகால் மணி நேரம். (ஊருக்கு இப்போது புதுப் பெயர். ஆட்டோக்காரர்களிடம் பழைய பெயர்தான் ஓடுகிறது.) விளக்கின் லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். நூறு வாட்-ஹவருக்கு மேல் இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்னதாகவே அனுமதி வாங்குங்கள். மதியம் இரண்டு மணிக்குத் தனியார் கப்பல். மூன்றே முக்காலுக்கு ஹேவ்லாக் தீவின் ஜெட்டி.

டைவ் சென்டரில் என் வழிகாட்டி ரெஹானா. வயது இருபத்தெட்டு இருக்கும். பிறந்தது போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில், தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். என் விளக்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன சார், கிரிக்கெட் மேட்ச் ஏதும் நடத்தப் போறீங்களா கீழே?”

“வீடியோவுக்கு.”

“அச்சா. மீனுங்களுக்கு கூலிங் கிளாஸ் கொண்டாந்தீங்களா?”

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

முதல் இரண்டு நாள் காலை டைவ்கள். விளக்கின் லட்சணம் அங்கேயே தெரிந்துவிட்டது. பகல் வெயிலில், பதினைந்து மீட்டரில், இருபதாயிரம் லூமன்ஸ் ஒன்றுமே இல்லை. பவளத்தின் சிவப்பு கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் தெரிந்தது. அதைத் தாண்டினால் எல்லாம் நீலம். ஓடும் மீன் எல்லாம் கலங்கிய கோடு. ரெஹானாவிடம் பழைய ஸ்ட்ரோப் ஒன்று இருந்தது, யாரோ விருந்தாளி விற்றுவிட்டுப் போனது. அதே மீனை அவள் எடுத்தாள். செதில் செதிலாக எண்ணலாம். எனக்கு எரிச்சல். அவள் மேல்.

மூன்றாம் நாள் மாலை டைவ். அங்கே சூரியன் ஐந்தரைக்கு முன்பே விழுந்துவிடும். படகில் ஏறுமுன் ரெஹானா சொன்னதை அப்படியே தருகிறேன்.

“கீழே மணல்ல ஒரு பொந்து இருக்கு. அதுல ஒரு ஜாஃபிஷ். விரல் நீளம்தான். ஆம்பளை. வாய் நிறைய முட்டை, இந்த மீனுல ஆம்பளைதான் வாயில வச்சு அடைகாக்கும். ஒரு வாரமா சாப்பிடலை அவன், வாயைத் திறந்தா முட்டை போயிடும்ல. ஆறு நாளா டெய்லி போய்ப் பார்க்கிறேன். முட்டைக்குக் கண்ணு வந்துடுச்சு, வெள்ளி மாதிரி. கல் ஷாம், நாளைக்குச் சாயந்தரம், குஞ்சு விட்டுரும். அதை மட்டும் நான் எடுத்துட்டேன்னா போதும் சார். இந்தத் தீவுல நான் எடுக்கணும்னு நினைச்ச ஒரே படம்.”

பிறகு விதிகள். சிவப்பு விளக்கு மட்டும். வெள்ளை வேண்டுமென்றால் பத்து விநாடி. அவள் தன் டார்ச்சை என் முன்னால் மணலில் இடவலமாக ஆட்டினால் உடனே அணைக்க வேண்டும்.

“ஏன்?” என்றேன்.

“சின்ன மீனை முழுங்கற லயன்ஃபிஷ் சுத்துது. டைவருங்க லைட்டுல வேட்டையாடப் பழகிடுச்சுங்க. கமீனே, போக்கிரிப் பசங்க.”

தலையாட்டினேன். ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு இறங்கினோம். பன்னிரண்டு மீட்டர்.

பொந்து. அதிலிருந்து ஒரு தலை. வாய் திறந்து, முட்டைகளைச் சுழற்றி, மூடியது. சிவப்பு வெளிச்சத்தில் எல்லாம் ஒரே சேற்று நிறம். வெள்ளைக்கு மாற்றினேன். முழு வலிமை. வீடியோ ஓடத் தொடங்கியது. முட்டைகளின் வெள்ளிக் கண்கள் திரையில் மின்னின. பத்து விநாடி ஆயிற்று. தெரியும். இன்னும் ஐந்து என்று நினைத்தேன். இன்னும் ஐந்து.

ரெஹானா டார்ச்சை ஆட்டியிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. பொய் இல்லை, பார்த்திருக்கவே முடியாது: என் விளக்குகளின் வெள்ளத்தில் அவள் டார்ச்சின் சின்ன வட்டம் கரைந்துபோயிருந்தது. மணல் முழுக்க என் வெளிச்சம். அவள் நீந்தி வந்து உள்ளங்கையால் விளக்கை மூடுவதற்குள் என் தோளுக்கு மேலிருந்து லயன்ஃபிஷ் இறங்கியது. செட்டை விரித்து, அவசரமே இல்லாமல். ஒரு வாய். அவ்வளவுதான்.

மீன், முட்டை, ஆறு நாள்.

மேலே வந்தோம். படகுக்காரர், வங்காளி, கை கொடுத்தபடி “க்யா ஹுவா?”, என்ன ஆச்சு என்றார். ரெஹானா முகமூடியைக் கழற்றாமலே “குச் நஹி, தாதா”, ஒன்றுமில்லை அண்ணா என்றாள். படகு கரை சேர்ந்தது. இறங்கும்போது நான் சொன்னேன்: “டார்ச் தெரியலைங்க.”

“பத்து எண்ணத் தெரியும்ல சார்?”

விளக்குகளைக் கழற்றிப் பையின் அடியில் போட்டேன்.

மறுநாள் மாலை நான் விளக்கில்லாமல் போனேன். பராமரிக்க ஆளில்லாத பொந்தில் பாதிக்கு மேல் மணல் சரிந்திருந்தது. ரெஹானா பக்கத்தில் மிதந்தாள். கேமரா எடுத்து வரவில்லை.

சரி. நீங்களும் போகத் திட்டமிடுகிறீர்கள். அதனால் சொல்கிறேன். படம் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஸ்ட்ரோப் வாங்குங்கள். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் ஒன்று. இரண்டு வீடியோ விளக்குகளைவிட அது மேல். கேமராவை ஒட்டி வைக்காமல் கை நீட்டிப் பக்கவாட்டில் வையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் பனிபோலப் படத்தில் விழும். ஃபோகஸுக்கு மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று. வீடியோதான் வேண்டும் என்றால், வலிமையைப் படிப்படியாகக் குறைக்க முடிகிற விளக்கு. லூமன்ஸ் எவ்வளவு என்று கேட்காதீர்கள். எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். தண்ணீர் புகாமல் அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்களுக்கு சிலிகான் கிரீஸை மறக்காதீர்கள், தீவில் கிடைக்காது. இதைக் கடைக்காரர் எவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் பத்து விநாடி என்பதை ரெஹானா சொன்னாள். கடைக்காரரைத் திட்டி நான் தப்பிக்க முடியாது.

கிளம்பும் நாளில் அந்தக் காட்சியை அவள் கண்முன்னாலேயே அழித்துவிடப் போனேன். நாற்பத்தேழு விநாடி. வெளிச்சமும் ஃபோகஸும் அப்பழுக்கில்லை. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“டிலீட் பண்ணாதீங்க. எனக்கு அனுப்புங்க.”

“எதுக்கு?”

“வர்றவங்களுக்குக் காட்ட.”

அனுப்பினேன். அங்கே மாலை டைவுக்குப் போகிற எவருக்கும் இப்போது படகேறும் முன் அதைப் போட்டுக் காட்டுகிறாள். நீங்கள் போனால் பார்ப்பீர்கள். பத்தாவது விநாடியில் அவள் காட்சியை நிறுத்துவாள். “இங்கே அணைச்சிருக்கணும்” என்பாள். பிறகு மிச்சத்தை ஓட விடுவாள்.