ராஜா சமாதியில் தேசம்மா முகம்

செத்தவர்கள் முகத்தை அச்சடித்துப் பிழைக்கிறவள் நான். வேலூரில் பாலாற்றங்கரைக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு பேனர் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் வரும். ஆனாலும் அடுப்பெரிவது கண்ணீர் அஞ்சலியால்தான். மனுஷனின் அசிங்கத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சாவு பேனர் தயாராகும்போது என் கடையில் வந்து உட்கார்ந்தால் போதும். செத்தவர் ஒரு மூலையில் கிடப்பார். மிச்ச இடத்துக்கு உயிரோடிருக்கிறவர்கள் அடித்துக்கொள்வார்கள்.

தேசம்மா அப்படி அடிக்கடி வந்து உட்காருவாள். கண்டி ராஜா சமாதியைப் பெருக்குகிற வேலை அவளுக்கு, கான்ட்ராக்ட்காரன் கொடுத்தது. வேலை முடிந்ததும் என் கடைக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். பிறகு டீயோடு உட்கார்ந்து, அச்சாகி வெளியே வருகிற பேனரை வேடிக்கை பார்ப்பாள்.

"ஏ போட்டோக்காரி, இதுல செத்தது யாரு?"

"அதோ, கீழ ஓரத்துல கீறாரு பாரு."

"அடப்பாவி! செத்தவன் மூஞ்சி பட்டாணியாட்டம் கீது. மேல வெள்ளச் சட்டையில கீறவன் மூஞ்சி பூசணிக்காயாட்டம் கீது. இவன் எப்பச் சாவறான்?"

அந்த ராஜாவை இலங்கையிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவந்து நம்மூர்க் கோட்டையில் அடைத்தவன் வெள்ளைக்காரன். செத்ததும் ஆற்றங்கரையில் புதைத்தார்கள். அதற்கு மேல் மண்டபம் எழுப்பியது நம்மவர்கள். அதன் பின்பக்கம் போய் வேட்டியைத் தூக்குவதும் நம்மவர்கள்தான். ஒருநாள் தேசம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். உடைந்த பாட்டில், பிரியாணிப் பொட்டலம், எலும்பு, வாந்தி. அதற்குமேல் சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது. பிள்ளையாரும் மாதாவும் மெக்காவும் சேர்ந்தாற்போல் இருக்கிற சாமி டைல்ஸ் ஒன்றைத் தன் கையாலேயே அந்தச் சுவரில் பதித்திருந்தாள். நம் ஆட்கள் பக்தியோடு இரண்டடி தள்ளிப் போய்க்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் தோல் கம்பெனியில் உழைத்துச் செத்தவன். அவளும் அங்கே பச்சைத்தோலில் ஒட்டிய உப்பைத் தட்டியவள். "அந்த நாத்தத்துல வயித்துப் பாடு இருந்துச்சி கண்ணு. இது இன்னா நாத்தம், கொழுப்பெடுத்த நாத்தம்" என்பாள். முறத்தில் வாரிக்கொண்டே ராஜாவிடம் பேசுவாள்: "அங்கருந்து உன்னத் தொரத்துனானுங்க. இங்க வந்து இத்த மோந்துக்கினு கீற. உனுக்கும் விதி, எனுக்கும் விதி."

அவள் பளபளவென்று ஆக்கி வைத்த பிறகுதான் கேமரா வரும். கல்லூரிப் பிள்ளைகள், வெளியூர்க்காரர்கள், கடல் தாண்டி வருகிறவர்கள், தினமும் யாராவது. எல்லோருக்கும் ராஜா சமாதி மட்டும் வேண்டும். எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை. "கொஞ்சம் நவுரும்மா." அவளும் முறத்தோடு நகர்ந்துகொள்வாள். அப்படி நகர்ந்தே காலம் போயிற்று.

டில்லிபாபுவைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிமெண்ட் வியாபாரி. ஒருநாள் திடீரென்று ராஜா மேல் அன்பு பொத்துக்கொண்டு வந்து, 'ராஜா அன்பர் பேரவை' என்று ஒன்றைத் தொடங்கித் தானே தலைவரானார். ஜனவரிக் கடைசியில் ராஜா நினைவு நாள் நடத்துவார். மாலை போட ஒரு நிமிஷம், மாலை போட்டதைப் படம் எடுக்க ஒரு மணி நேரம். அவர் பேரவைக்காரர்களே போன வருஷம் மண்டபத்துக்குப் பின்னால் போய் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே வந்து கும்பிட்டார்கள். தூ!

அந்த விழா நாள் மாலை தேசம்மா கடைக்கு வந்தபோது சிரிக்கவில்லை.

"நான் செத்தா எனுக்கு ஒரு பேனர் போடுவியா?"

"இன்னாக்கா பேச்சு இது?"

"போடுவியா, மாட்டியா? என் மூஞ்சி மட்டும் இருக்கணும். பூசணிக்கா சைசுல. வேற ஒருத்தன் மூஞ்சி இருந்தா ஆவியா வந்து உன் மிஷினக் கொளுத்திடுவேன். அத்த ராஜாவாண்டயே கட்டணும், ஆமா."

போடுகிறேன் என்றேன். வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனாள்.

இந்தத் தை பிறந்து பொங்கல் முடிந்த வாரம், குப்பைக்குள் கிடந்த பீர் பாட்டில் கண்ணாடி அவள் பாதத்தில் ஏறியது. சர்க்கரை உடம்பு. மஞ்சளை அப்பிக்கொண்டு அதே காலோடு வேலைக்குப் போனாள். கால் கறுத்தது, காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தாமதமாகிவிட்டது. குடித்தவன் வீட்டில் சுகமாகத் தூங்குகிறான். பொறுக்கியவள் செத்துப்போனாள். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மகள் மோகனா ஆதார் அட்டையோடு கடைக்கு வந்தாள். அந்தப் படத்தில் இருப்பது யாரென்று ஆதாருக்கே தெரியாது.

"வேற படம் இல்லியாம்மா?"

"இல்லக்கா. எங்கம்மாவ யாரு நிக்க வெச்சி எடுத்தாங்க? நவுரு நவுருன்னுதான் சொன்னாங்க."

பேரவை விழாப் படங்கள் என் கம்ப்யூட்டரில் கிடந்தன. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினோம். ஒன்றில் விளக்குமாறு, ஒன்றில் முந்தானை நுனி, ஒன்றில் முதுகு. மோகனா மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்தாள். போன வருஷப் படங்களில் ஒன்று வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரன் 'நவுரும்மா' என்று சொல்லிவிட்டு அவசரப்பட்டு அமுக்கியிருக்க வேண்டும். முறம் நிறையக் கண்ணாடிச் சில்லோடு தேசம்மா கேமராவைத் திரும்பிப் பார்க்கிறாள். முகம் முழுக்கச் சுளிப்பு. எங்கள் எல்லோரையும் ஒரே வாரில் வாரிக் கொட்டிவிடுகிற பார்வை.

"இதான்க்கா எங்கம்மா" என்றாள் மோகனா.

அந்த நேரம் பார்த்து டில்லிபாபு உள்ளே வந்தார். "பேனர் பேரவை சார்பா, நம்ம செலவு. மேல என் படம், பக்கத்துல செயலாளர், பொருளாளர். கீழ அந்தம்மா." பிறகு திரையைப் பார்த்து முகம் மாறினார். "இன்னாம்மா இது, மொறைக்குது? இப்பதான் கம்ப்யூட்டர்லயே சிரிக்க வெக்கலாமே. லேசா சிரிக்க வெச்சிடு."

"உங்களப் பாத்து அவ எப்பத் தலைவரே சிரிச்சா?" என்றேன். "மொறைக்கிற முகந்தான் வரும். கூட யார் முகமும் வராது. செலவு என்னுது."

"பொழைக்கத் தெரியாத பொம்பள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே ஆள் உயரத்துக்கு மேல் அச்சடித்தோம். பெயரும் தேதியும் அடியில் பொடியாக. மற்றதெல்லாம் முகம். மோகனாவும் அவள் சித்தப்பன்களும் சமாதிக்கு நேர் பின்னால், இரண்டு தூணுக்கும் நடுவில் இழுத்துக் கட்டினார்கள்.

காரியம் முடிவதற்குள்ளேயே நினைவு நாள் வந்துவிட்டது. நானும் போனேன். அம்மா பார்த்த வேலையில் மகளைப் போட்டிருந்தான் கான்ட்ராக்ட்காரன். மோகனா பெருக்கி முடித்து, விளக்குமாற்றோடு பேனர் பக்கத்தில் நின்றாள். வெள்ளைச் சட்டைகள் வரிசைகட்டின. போட்டோக்காரன் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்து, இறக்கினான்.

"தலைவரே, பின்னால அந்த மூஞ்சி விழுது."

டில்லிபாபு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யம்மா பொண்ணு, அந்த பேனர அவுத்துட்டு நீயும் கொஞ்சம் நவுரு."

மோகனா நகரவில்லை.

"காது கேக்கல? நவுரும்மான்றேன்."

"எங்கம்மா நவுந்தது போதும்" என்றாள். சத்தமே போடவில்லை. "பின்னால போயி மூத்தரம் பேஞ்சிட்டு வந்து முன்னால நிக்கிறீங்களே, நீங்க நவுருங்க. எங்கம்மா இங்கதான் இருப்பா."

வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். பேனர் கயிற்றில் கை வைக்க ஒருவரும் முன்னே வரவில்லை. நாலு பக்கமும் போய்ப் பார்த்த போட்டோக்காரன், எங்கே நின்றாலும் விழுகிறது என்று சலித்துக்கொண்டு அப்படியே எடுத்தான்.

மறுநாள் அந்தப் படம் பென் டிரைவில் என் கடைக்கு வந்தது, விழா பேனருக்காக. பின்னால் இருப்பதைத் துடைத்துவிடச் சொல்லி டில்லிபாபு போன் மேல் போன் போட்டார். சரி தலைவரே என்று சொல்லி வைத்துவிட்டு, ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் பெரிய சைஸில் ஓடவிட்டேன். மிஷினிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தது: மேலே பூசணிக்காயாகத் தேசம்மா முறைத்துக்கொண்டிருந்தாள், கீழே வரிசையாகப் பட்டாணிகள்.