பூட்டி என்பதை மூடி எனத் திருத்தி வாசிக்கவும்

நகர மன்ற அலுவலகத்தின் கடிதப் பிரிவில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்திக்கொண்டிருந்த அம்மாளுக்கு, முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் ‘சந்திப்பிழை’. முகத்துக்கு நேரே சொல்ல எவருக்கும் தைரியம் கிடையாது. சொன்னால், நடுவே ‘ப்’ போட்டுத்தானே சொன்னாய் என்று கேட்டுவிடுவாள்.

மன்றத்திலிருந்து வெளியே போகும் எந்தக் காகிதமும் அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு முறை குப்பை வண்டியின் மேல் “பொதுமக்களை அள்ளும் நேரம் காலை ஆறு மணி” என்று பெரிதாக எழுதி, ஊர் சந்தி சிரித்தபோது போட்ட விதி அது. அன்றிலிருந்து கொண்டையில் ஒரு சிவப்புப் பேனாவும், கண்ணில் விளக்கெண்ணெயுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பேருந்து டிக்கெட்டின் பின்பக்கம் எதுவும் அவளிடமிருந்து தப்பியதில்லை.

“நான் எழுதின முதல் கடிதத்தையே திருத்தித் திருப்பி அனுப்பினவ இவ. பத்துக்கு ஆறு போட்டிருந்தா” என்பார் அவள் கணவர்.

“பாஸ்தானே?” என்பார்கள் கேட்பவர்கள்.

“பாஸாகாமலா கல்யாணம் ஆச்சு?”

முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர் அவர். பிரேக் மிதித்தே இரண்டு முழங்காலும் தேய்ந்துபோக, இப்போது நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துத்தான் நடமாட்டம். அதற்கு ‘புது வண்டி’ என்று பெயர் வைத்திருந்தார். மன்றம் கட்டி வாடகைக்கு விட்ட பதினாலு மாடிக் குடியிருப்பில், ஒன்பதாம் மாடியில் அவர்கள் வீடு.

அவருடைய வலது முழங்கால் அறுவைக்காக அவள் மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். இருபத்தாறு வருஷத்தில் மன்றம் தன் சொந்தத் தமிழில் தனியாக விடப்பட்டது அந்த மூன்று நாள்தான். அதற்குள் காரியம் நடந்துவிட்டது.

தீயணைப்புத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. உயர்ந்த கட்டடங்களில் “மாடிப்படிக் கதவுகள் எப்போதும் மூடியே இருக்க வேண்டும்” என்று ஒரே வரி. கதவு சாத்தியிருந்தால் புகை படிக்கட்டுக்குள் புகாது. ஆனால் உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினால் குழந்தைகூட வெளியே வந்துவிடலாம். இதைச் சுற்றறிக்கையாக்கும் பொறுப்பு மன்றத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் வந்தது. மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் எதை எழுதினாலும் சொல்லில் அழுத்தம் வேண்டும் அவருக்கு. ‘செய்யவும்’ என்று இருந்தால் ‘செய்தே ஆகவும்’ என்று மாற்றிவிட்டுத்தான் தேநீரைத் தொடுவார்.

“மூடினா மட்டும் போதுமா? யார் வேணும்னாலும் தள்ளிக்கிட்டுப் போயிடுவானே! இதுல என்னய்யா பாதுகாப்பு இருக்கு?” என்று கேட்டு, ‘மூடியே’ என்பதை அடித்துவிட்டு ‘பூட்டியே’ என்று எழுதினார். தீயை ஏதோ சைக்கிள் திருடன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து கணவரைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறி ஒன்பதாம் மாடியில் இறங்கியபோது, மாடிப்படிக் கதவில் புத்தம்புதுப் பூட்டு மின்னியது. பக்கத்தில் ஓர் அறிவிப்பு: “சாவி நகர மன்ற அலுவலகத்தின் இரண்டாம் மாடி அலமாரியில் உள்ளது. தேவைப்படுவோர் அலுவலக நேரத்தில் உரிய படிவத்தில் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம்.”

அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“பரவாயில்லையே, தீப்பிடிச்சா பத்து மணியிலிருந்து அஞ்சு மணிக்குள்ள பிடிக்கணும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பிடிக்கக் கூடாது” என்றார் கணவர்.

“சும்மா இருங்க. நாளைக்கே சொல்லித் திருத்திடறேன். ஒரு சொல்தானே?”

மறுநாள் அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். “சார், சுற்றறிக்கையில ஒரு சொல் தப்பா போயிருக்கு.”

“எழுத்துப் பிழையாம்மா?”

“இல்ல சார்.”

“சந்தி கிந்தி?”

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. அர்த்தம்தான் தப்பு.”

அதிகாரி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “அப்ப அது உங்க பிரிவு இல்லையேம்மா. எழுத்துப் பிழைதான் உங்களுக்கு. அர்த்தத்துக்கு வேற பிரிவு.”

“எந்தப் பிரிவு சார்?”

“அது இன்னும் ஆரம்பிக்கல.”

குடியிருப்பில் நானூறு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். அதை வைத்து அலுவலகங்கள் பந்து விளையாடின. கட்டடப் பிரிவு சொன்னது: கதவு எங்களுடையது, பூட்டு பாதுகாப்புப் பிரிவினுடையது. பாதுகாப்புப் பிரிவு சொன்னது: பூட்டு எங்களுடையதுதான், ஆனால் அது தொங்குவது அவர்கள் கதவில். தீயணைப்புத் துறைக்கு அனுப்பினால், வீட்டுக்குச் சொந்தக்காரர் மன்றம்தான், கதவுக்கும் பூட்டுக்கும் மன்றம்தான் பொறுப்பு என்று பளிச்சென்று பதில் வந்தது. அந்த ஒரு பதிலை மட்டும் எந்தக் கோப்பில் வைத்தார்கள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

நாலு மாதம் போனது. ஒரு முற்பகல், நாலாம் மாடியில் எவரோ இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டுத் தொலைபேசிக்குப் போனார். போர்வை புகைந்து, தாழ்வாரம் கறுத்து, லிஃப்ட் தானாக நின்றது. அவள் அலுவலகத்தில் இருந்தாள். கணவர் ஒன்பதாம் மாடிக் கதவின் முன்னால், புது வண்டியைப் பிடித்தபடி, அக்கம்பக்கத்தார் பதினாறு பேரோடு இருபத்து மூன்று நிமிஷம் நின்றார். கதவைத் தட்டினார்கள், உதைத்தார்கள். உறுதியான பூட்டு. சொல்லில் இருந்த அழுத்தம் அதிலும் இருந்தது.

நல்லவேளை, போர்வையோடு போயிற்று. தீயணைப்பு வீரர்கள் நாலாம் மாடிப் பூட்டை உடைத்துக்கொண்டு போய் அணைத்தார்கள். மன்றத்தின் அறிக்கை மறுநாள் அவள் மேசைக்கு வந்தது. “சம்பவத்தின்போது கதவுகள் அனைத்தும் எதிர்பார்த்தபடி பூட்டியே இருந்தன” என்று அதில் பெருமையாக எழுதியிருந்தது. கூடவே, மன்றச் சொத்தான பூட்டை உடைத்ததற்கு விளக்கம் கேட்டுத் தீயணைப்புத் துறைக்கு ஒரு கடிதம். அதில் விட்டுப்போன ஒரு ‘க்’கைப் போட்டு அனுப்பியவளும் அவள்தான்.

அன்று சாயங்காலம் கணவர் வழக்கம்போல் கேலி பேசவில்லை. “இருமலா வந்துச்சும்மா” என்றார், அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷத்தில் அவர் கேலி செய்யாமல் சொன்ன வாக்கியங்களை அவள் விரல்விட்டு எண்ணிவிடுவாள்.

மறுநாள் சுற்றறிக்கையை எடுத்து, பிழை தேடுகிற கண்ணை ஓரமாக வைத்துவிட்டு, கீழ்ப்படிகிற கண்ணால் படித்தாள். “மன்றத்துக்குச் சொந்தமான, மூன்று மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் அனைத்திலும்” என்று இருந்தது. அவள் நிமிர்ந்து, தான் உட்கார்ந்திருந்த ஐந்து மாடிக் கட்டடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“சார், உங்க சுற்றறிக்கையை நம்ம அலுவலகத்திலேயே இன்னும் நிறைவேத்தல. நாளைக்கு யாராவது கேட்டா உங்களுக்குத்தான் கெட்ட பேரு” என்று அதிகாரியிடம் குறிப்பை நீட்டினாள்.

அதிகாரிக்கு உள்ளம் குளிர்ந்தது. “இத்தனை வருஷத்துல இப்பத்தான் உருப்படியா ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்கீங்க” என்று சொல்லி, ‘உடனே’ என்று எழுதினார். அது போதாதென்று ‘உடனுக்குடனே’ ஆக்கிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அலுவலகத்தில் கழிப்பறைகள் இருப்பது மாடிப்படியின் திருப்பங்களில். எல்லா மாடிக்கும் அப்படித்தான்; ஒன்றுக்குப் போக வேண்டுமானால் மாடிப்படிக் கதவைத் தாண்டியாக வேண்டும். இது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பு அதிகாரிக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் தெரியவில்லை.

பூட்டுக்காரர் வந்தது மன்றக் கூட்ட நாளில். எல்லோரும் லிஃப்டில் நாலு நாலு பேராக ஐந்தாம் மாடிக் கூட்ட அறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, கீழிருந்து ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டே மேலே வந்தார்.

“அக்கா, நல்லா யோசிச்சீங்களா?” என்றார் அவளிடம்.

“யோசிக்கிறது என் பிரிவு இல்லப்பா. நீ பூட்டு.”

மன்றத் தலைவருக்குக் கூட்டம் என்றால் தேநீர் வேண்டும். முதல் தீர்மானத்துக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று, எதிர்க்கட்சி பேசும்போது இரண்டு. பன்னிரண்டரை மணிக்கு அவர் எழுந்தார். நடந்தார். கதவைத் தள்ளினார். மறுபடி தள்ளினார்.

“என்னய்யா இது?”

“பாதுகாப்புங்க” என்றார் அதிகாரி.

“சாவி?”

“பூட்டு வாங்கின அன்னிக்கே இரண்டாம் மாடி அலமாரியில வெச்சாச்சுங்க. அலமாரிச் சாவி வெச்சிருக்கிற எழுத்தர் இன்னிக்கு விடுப்புங்க.”

அவள் ஒரு படிவத்தோடு பணிவாக முன்னால் வந்தாள். “விண்ணப்பிச்சு வெச்சா நாளைக்குக் கிடைச்சிடும் ஐயா. இங்க பேரு, இங்க முகவரி. இது ‘தேவைக்கான காரணம்’. இது ‘தேவைப்படும் கால அளவு’.”

தலைவர் ஒரு காலின்மேல் மறுகாலைப் பின்னிக்கொண்டு நின்றார். ஊரை ஆண்ட முகம் வேறு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் முப்பத்திரண்டு உறுப்பினர்களின் வரிசை ஒன்று, கட்சி பேதமில்லாமல், உருவாகியிருந்தது.

“உடைய்யா!” என்று பூட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

“எழுத்துல இல்லாம கை வைக்க மாட்டேங்க. போன தடவை உடைச்சவங்களுக்கு விளக்கம் கேட்டு ஓலை போயிருக்கு.”

அதிகாரி எழுதினார்: “அலுவலகக் கட்டடத்தில் மட்டும், பூட்டி என்பதை மூடி எனத் திருத்தி வாசிக்கவும்.” அவள் கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள்.

“சார், ‘மட்டும்’ இங்க இடிக்குது. சுற்றறிக்கை ஒண்ணு, திருத்தமும் ஒண்ணுதான். கட்டடத்துக்கு ஒரு தமிழ் எழுத முடியாது.” அடித்தாள். “அப்புறம் ‘வாசிக்கவும்’னா வாசிச்சிட்டு விட்டுடுவாங்க. ‘பூட்டுகள் இன்றே கழற்றப்பட வேண்டும்’னு ஒரு வரி.”

“அந்தப் பதினாலு மாடிக்குத் தனியா ஒப்பந்தப்புள்ளி கேட்கணுமேம்மா, நடைமுறை…”

“சரி சார், கேட்டு வாங்கிட்டே கையெழுத்துப் போடுங்க. ஐயா காத்திருப்பாரு.”

“எதையாவது எழுதுய்யா! கதவைத் திற!” என்றார் தலைவர். ஐந்தாம் மாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. கீழே தெருவில் நின்ற நாயொன்று எழுந்து போய்விட்டது என்று சொல்கிறார்கள். அதிகாரி போட்டார், தலைவர் அதற்குமேல் போட்டார். நானூறு கையெழுத்தால் நாலு மாதம் நகராத ஒரு சொல், இரண்டு கையெழுத்தால் பதினொரு நிமிஷத்தில் நகர்ந்தது.

மத்தியானம் பூட்டுக்காரர் குடியிருப்புக்குப் போனார். சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது ஒன்பதாம் மாடிக் கதவில் நாலு ஆணித் துளைகள்தான் இருந்தன. கணவர் கதவைத் தள்ளிப் படிக்கட்டுக்குள் போவதும், வெளியே வருவதும், மறுபடி போவதுமாக இருந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கிறேன்” என்றார்.

ஒரு வாரம் கழித்து மெமோ வந்தது. மன்ற நடவடிக்கைகளுக்கு வேண்டுமென்றே இடையூறு செய்ததற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவள் முதலில் அதிலிருந்த இரண்டு பிழைகளைத் திருத்தினாள். பிறகு அதன் அடியிலேயே பதிலை எழுதினாள்: “மன்றத்தின் சுற்றறிக்கையை உள்ளது உள்ளபடி நிறைவேற்றியது என் தவறுதான். இனி அப்படி நடக்காது என்று உறுதி அளிக்கிறேன்.”