மகளின் தலைமேல் என் கை

என் கையெழுத்து கிறுக்கலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

சிறுவயதில் அப்பா கை ஓங்கினால் அடி விழாமல் போகாது. எதற்கென்று எனக்கு ஒருநாளும் தெரியாது. ஐம்பதை நெருங்கியும், யாராவது கையை உயர்த்தினால் என் கழுத்து தானாகச் சுருங்கும். லுணுகலை ஜெபக்கூடத்தில் பாஸ்டர் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினால் நான் வெளியே போய்விடுவேன். என் கையும் அப்பாவின் கையைப் போலவே பெரியது. அதுவும் அடிக்கிற கையாகிவிடுமோ என்ற பயத்தில் என் மகளின் தலையைக்கூட நான் தடவிக்கொடுத்ததில்லை.

அவள் கொழும்புக்கு வேலைக்குக் கிளம்பிய காலையில், எங்கள் லயத்து வீட்டு வாசலில் பையை வைத்துவிட்டு என் முன்னால் முழங்காலிட்டாள்.

"தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுங்கப்பா."

"பாஸ்டர் ஐயாவக் கூப்பிடுறேன் புள்ள."

"அவரா எனக்கு அப்பா? பஸ் போயிரும், சீக்கிரம் வைங்க!"

கையை உயர்த்தினேன். அவள் கண் இமைக்கவில்லை. சிரித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உயர்த்திய கைக்குப் பயப்படத் தெரியாத பிள்ளை! என் அப்பாவின் அடி என்னோடு நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக் கையை வைத்தேன். அவள் தலை என் உள்ளங்கையில் இளஞ்சூடாக இருந்தது. அதே நேரம் என் தலைமேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை இருப்பதை உணர்ந்தேன். என் கழுத்து சுருங்கவில்லை.

இன்று அவள் கிறிஸ்துமஸுக்காக முதல் லீவில் வருகிறாள். டிசம்பர் 24.