பத்திலிருந்து பிடித்த டேப்

அளவு விஷயத்தில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள், வெல்டிங் சுமார், பெயின்ட் பரவாயில்லை, அளவை மட்டும் அந்த ஆளிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பார்கள். என்பார்கள் என்று இப்போதும் எழுதக் கை வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன்புவரை சொன்னார்கள், அவ்வளவுதான்.

பட்டறை எனக்கும் மச்சானுக்கும் பொது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவருக்கு எல்லாமே அடியும் அங்குலமும். நான் பாலிடெக்னிக் படித்தவன், எனக்கு மில்லிமீட்டர். வண்டிக்காரர்கள் வந்து "இருபத்திரண்டு அடி பாடி கட்டுங்க" என்பார்கள். அது தோராயம்தான். கேபினுக்குப் பின்னால் எவ்வளவு இடம் விடுகிறோமோ அதைப் பொறுத்து மாறும். பாடி உட்காரும் அடிச்சட்டமான சேஸிஸை அளந்த பிறகுதான் நான் வரைபடம் போடுவேன், அது மில்லிமீட்டரில் இருந்தால்தான் வண்டி இன்ஸ்பெக்‌ஷனில் ஒத்துக்கொள்வார்கள். அடியை மில்லியாக மாற்றுவதில் எங்களுக்குள் ஒருநாளும் சச்சரவு வந்ததில்லை.

இரும்பு டேப்பின் நுனியில் ஒரு கொக்கி இருக்குமே, அதுதான் பட்டறைகளில் முதல் எதிரி. டேப் கீழே விழுந்துகொண்டே இருக்கும். விழ விழக் கொக்கி கோணிக்கொள்ளும். அப்புறம் அது காட்டுவதெல்லாம் பொய். பாலிடெக்னிக்கில் வெர்னியரைக் கையில் கொடுத்ததும் முதலில் இதைத்தான் சொல்லித் தந்தார்கள். கருவி சுழியத்தில் சரியாக நிற்கிறதா என்று பார், நிற்காவிட்டால் அந்தப் பிழையைக் கணக்கில் சேர்த்துத் திருத்திக்கொள். பட்டறையில் அவ்வளவு நிதானத்துக்கு யாருக்கு நேரம்? கொக்கியை விட்டுவிட்டு, பத்து சென்டிமீட்டர் கோட்டை விளிம்பில் வைத்துப் பிடித்து அளப்போம். வருகிற அளவில் பத்தைக் கழித்தால் அசல் நீளம் வந்துவிடும்.

யார் கழிப்பது என்பதை மட்டும் இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி, பின்முனையில் நிற்பவர் டேப்பில் தெரிவதை அப்படியே கத்துவார். முன்னால் பத்தைப் பிடித்திருப்பவர் கழித்துக்கொண்டு இரும்புச் சட்டத்தில் சாக்பீஸால் குறிப்பார். பிடிப்பவன் நான், கத்துபவர் மச்சான். பட்டறை திறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த வண்டி ராசிபுரம் பக்கத்து லாரி முதலாளி ஒருவருடையது. அவர் மகனுக்கு மச்சானின் மகளைப் பேசியிருந்தோம். பேசியிருந்தோம் என்ன, பேசியதே நான்தான். அவர்கள் வீட்டுக்கு நாலு நடை நடந்து, பெண்ணைப் பற்றி என் மகளைப் போல எடுத்துச் சொல்லி, நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்தவன் நான். சம்பந்தியாகப் போகிறவரின் புது சேஸிஸ் நம் பட்டறைக்கு வருகிறது என்றால் சும்மாவா? மச்சான் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசை போட்டுத்தான் டேப்பைத் தொட்டார்.

"பத்துல புடிச்சாச்சுங்களா மாப்ள?"

"புடிச்சாச்சுங்க மச்சான், சொல்லுங்க."

சொன்னார். நான் பத்தைக் கழித்தேன், இரண்டு நீளச் சட்டங்களிலும் குறித்தேன், வெல்டர் வெட்டினார். மறுநாள் காலையில் தூக்கி சேஸிஸ் மேல் வைத்தால், பின்னால் சேஸிஸின் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. டேப்பை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பத்து சென்டிமீட்டர் குட்டை. நீளமாகப் போயிருந்தால் அறுத்துத் தள்ளலாம். குட்டையான இரும்பை என்ன செய்ய?

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "அட கெரகமே! நானே கழிச்சுச் சொல்லிப்போட்டனுங்க மாப்ள. கண்ணாலத்து நெனப்புல இருந்தனா, உங்களுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமுன்னு வாயில வந்துருச்சு."

அவர் ஒருமுறை கழித்தார், தெரியாமல் நானும் கழித்தேன். இரண்டு பேரும் கவனமாக இருந்ததால் வந்த வினை! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சத்தியமாகக் கோபமே இல்லை. அளவு என்று ஒன்று இருந்தால் பிழை என்று ஒன்று இருக்கத்தான் செய்யும், அதை எழுதித்தானே பரீட்சையே பாஸ் செய்தேன்?

"போச்சாது உடுங்க மச்சான், வேற சட்டம் வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு இரும்புக் கடைக்குக் கிளம்பினேன்.

நான் திரும்பி வரும்போது லாரி முதலாளி சேஸிஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குட்டைச் சட்டத்தை இன்னும் இறக்கவில்லை. "ஏனுங்க, வால் நீட்டிக்கிட்டு நிக்குது? அளவு தப்பிருச்சாட்ட இருக்குதே?" என்று மச்சானைக் கேட்டார்.

மச்சான் என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார். "நான் சரியாத்தானுங்க சொன்னேன். மாப்ளதான் ரெண்டு தடவ கழிச்சுப்போட்டாரு."

எனக்கு ஒரு கணம் புரியவே இல்லை. வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "படிச்சவருன்னு சொன்னாங்க. பத்துக் கழிக்கத் தெரியாதுங்களா? இனி நம்ம வண்டிக்கு வேற ஆளு அளக்கட்டும்." வெல்டர் நிற்கிறார், பெயின்டர் நிற்கிறார், பக்கத்து வண்டி டிரைவர்கள் டீ டம்ளரோடு நிற்கிறார்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான் என் தோளில் கை வைத்தார்.

"உடுங்க மாப்ள. மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும்."

அதுதான் தாங்கவில்லை. தான் செய்த தப்புக்கு என்னை மன்னிக்கிறார்! அந்தக் கையைத் தட்டிவிட்டு, நீங்கள்தானே காலையில் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டிருந்தால் போதும். சம்பந்தி முன்னால் அவர் பொய்யராகியிருப்பார், நிச்சயம் நின்றுபோயிருக்கும். பெண்ணின் முகம் கண்ணில் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

விழுங்கியது உள்ளே கிடந்து எரிந்தது. லாரி டிரைவர்கள் காதுக்குப் போனது ஓசூருக்கும் போகும், நாக்பூருக்கும் போகும். ஒரு மாதத்துக்குள் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் கூச்சத்தோடு நெளிந்துகொண்டே கேட்டார், "இந்த வண்டிக்கு மச்சானையே அளக்கச் சொல்லலாமுங்களா?" சொல்லலாமே, தாராளமாக! சம்பாதித்த பேரெல்லாம் ஒரு வாய்ச்சொல்லில் போயிற்று. இப்போது பட்டறையில் டேப்பை வேறொருவர் பிடிக்கிறார். நான் வரைபடத்தோடு சரி.

மச்சான் வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். யாருக்கும் தெரிய வேண்டாம், எனக்கு மட்டும், தனியாக, தப்பாகப் போச்சுங்க மாப்ள என்று சொன்னால் போதும் என்றிருந்தது. வந்தார். நிச்சயத்துக்கு அழைக்க, தாம்பூலத் தட்டோடு, மனைவியோடு. உட்கார்ந்தார், காபி குடித்தார், மண்டபம் பற்றியும் சமையல்காரர் பற்றியும் வாய் ஓயாமல் பேசினார். "வாரோமுங்க மாப்ள" என்று எழுந்து போனார்.

கதவைச் சாத்தியதும் மனைவியிடம் வெடித்தேன். அதுவரை அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனைப் பற்றிச் சொன்னால் மனம் நொந்துபோவாள் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். "உங்கண்ணன் எனக்குப் பண்ணுனது பச்சைத் துரோகம், தெரியுமா உனக்கு? கழிச்சுச் சொன்னது அவரு. பழி எம்மேல!"

அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே போன் பண்ணுனாரு. சம்பந்தி வந்துட்டிருக்காரு, மொத வண்டியிலயே தப்புப் பண்ணிட்டேன்னா என்ன நெனப்பாருன்னு பதறுனாரு. மாப்ள பேருல சொல்லிக்கலாமான்னு மாப்ளயவே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னாரு."

"என்னைய எங்க கேட்டாரு? கேக்கவே இல்லையே!"

"நாந்தானுங்க கேக்க வேண்டாமுன்னு சொன்னேன். கேட்டா நீங்க முடியாதும்பீங்க. சொல்லிப்போடுங்கண்ணா, சொன்னதுக்கப்புறம் அவரு ஒண்ணும் பேச மாட்டாருன்னேன்."

டம்ளர்களோடு சமையலறைக்குள் போனாள். அதற்கும் நான் ஒன்றும் பேசவில்லை.