மைக் முன்னால் ‘நாங்க’ வேண்டாம்!

போன வாரம் எங்கள் ரேடியோ ஸ்டேஷனில் ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் தடை விழுந்தது. கெட்ட வார்த்தை இல்லை. நீங்களும் நானும் பொழுது விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் சொல்தான்.

புனேவில் ஒரு சின்ன சமுதாய வானொலியில் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறேன். பழைய வாசகர்களுக்கு இது தெரியும். மீதி நேரமெல்லாம் அங்கே மராத்தியும் ஹிந்தியும்தான். ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்பவர் காஞ்சன் தாயி. மராத்தியில் தாயி என்றால் அக்கா. தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் என் ஒலிப்பதிவின்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அர்த்தம் புரியாவிட்டால் என்ன? சத்தம் சரியாக வருகிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே!

அன்றைக்கு என் விருந்தினர், புனேவின் போபோடி பகுதியில் குடியிருக்கும் சாந்தி அக்கா. வீட்டு முன்னறையில் பெண்களுக்கான பார்லர் ஆரம்பித்திருக்கிறார். பெரிய கண்ணாடி, சுழல் நாற்காலி, வாசலில் போர்டு… எல்லாம் வந்துவிட்டது. ஆள்தான் வரவில்லை. அந்த அறையில் முன்பு நின்றுகொண்டிருந்தது அவருடைய கொழுந்தனாரின் பைக். புனேத் தமிழில் ‘காடி’.

“கணபதி பண்டிகை வரைக்கும் பாப்பேன், அப்பால காடிய உள்ள ஏத்திடுவேன்னு சொல்லிட்டாரு. மழையில நனையுதாம்! ரேடியோவுல நம்ம பார்லர் பேரு ஒரு வாட்டி வரட்டும்மா. இல்லன்னா நாற்காலியத் தூக்கிப் பரண்ல போட வேண்டியதுதான்” என்றார் அக்கா.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

ரேடியோவில் பேச அவர் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். கேலி செய்யாதீர்கள். பட்டு மைக்கில் தெரியாதுதான் — ஆனால் நன்றாக உடுத்தியவர் நிமிர்ந்து உட்காருவார், குரலும் நிமிரும். ஆபத்து, கண்ணாடி வளையலில்தான். கை அசைந்தால் நமக்கு முன்னால் அது பேசிவிடும். அக்காவின் இரண்டு கைகளிலும் கர்ச்சீப்பைச் சுற்றிக் கட்டினேன்.

“அடிபட்டவ மாதிரி இருக்குதேம்மா!”

“ரேடியோவுல யாருக்குக்கா தெரியப் போகுது?”

சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா ஒரே மூச்சில் ஆரம்பித்தார்.

“வணக்கம். நாங்க புதுசா பார்லர் வெச்சிருக்கோம். நாங்க ஃபேஷியல் பண்றோம், நாங்க த்ரெடிங் பண்றோம், நாங்க மெஹந்தி போடறோம், போபோடியிலயே நாங்கதான் நம்பர் ஒன், நாங்க—”

கண்ணாடியில் டப்டப் என்று தட்டும் சத்தம். அடுத்த நொடி கதவு திறந்தது. காஞ்சன் தாயி ஹெட்ஃபோனைக் கழற்றாமலே நின்றார்.

“அரே, கௌன் நங்கா ஹை?” யார் நங்கா என்று கேட்கிறார்.

வேகமாகச் சொன்ன ‘நாங்க’ அவர் காதில் ஹிந்தி ‘நங்கா’வாக விழுந்திருக்கிறது. நங்கா என்றால்… உடம்பில் பொட்டுத் துணி இல்லாதவர்! மற்ற வாரங்களில் ஒன்றிரண்டு ‘நாங்க’ வந்துபோயிருக்கும், அவர் கவனித்திருக்கமாட்டார். இதுவோ அடைமழை.

சாந்தி அக்காவின் முகம் வெளுத்தது. “ஐயோ தாயி! நங்கா நஹி, நாங்க! நாங்க மத்லப் ஹம்!” என்று, ‘நாங்க’ என்றால் ஹிந்தி ‘ஹம்’தான் என விளக்கி, கர்ச்சீப் கட்டிய கைகளை ஆட்டினார். அப்புறம் யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை.

சிரித்து முடித்த பிறகும் தாயி விடவில்லை. மராத்தி நிகழ்ச்சி முடிந்தும் ரேடியோவை அணைக்காதவர்கள் இருப்பார்கள். கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும். புகார் வந்தால் யார் பதில் சொல்வது? அந்தச் சொல் இல்லாமல் பேசுங்கள் என்றார்.

அக்கா மைக் முன்னால் மறுபடி உட்கார்ந்தார்.

“நாங்க இல்லாம என்னம்மா பேசறது?”

நல்ல கேள்வி இல்லையா? நம் விளம்பரங்களில் பாதியில் ‘நாங்க’வை உருவிவிட்டால் போன் நம்பர்தான் மிஞ்சும்.

தற்பெருமையை நான் குறை சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! இனியும் சொல்வேன். நம்மைப் போன்றவர்களைப் பற்றி நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ஆனால் ரேடியோ கேட்கிறவரின் விரல் எப்போதும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ‘இதில் எனக்கு என்ன?’ என்று அவர் நினைத்த மறு நொடி… வேறு ஸ்டேஷன்.

“அக்கா, பார்லரை மறந்துடுங்க. என் தலையைப் பாருங்க. என்ன தோணுது?” என்றேன்.

பார்த்தார். “காலையில தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோடயே ஹெல்மெட்ட மாட்டிக்கினு வந்தியா?”

“ஐயோ, எப்படிக்கா?”

“பிம்ப்ரி கம்பெனிங்களுக்கு ஸ்கூட்டியில போற பொண்ணுங்க எல்லாத்துக்கும் இதே கதைதானே! நாம என்ன பண்றோம்… ஈரத்தலைய இழுத்துக் கட்டறோம், மூஞ்சியச் சுத்தி ஸ்கார்ஃப் கட்டறோம், அதுக்கு மேல ஹெல்மெட். உள்ள வேர்த்து அரிக்குது. அப்பால தண்ணி சரியில்ல, ஊரு சரியில்லன்னு பொலம்பறோம். நாம ஒரு மெல்லிசு காட்டன் துணிய உள்ள கட்டிக்கலாம்ல? அத்த தெனம் அலசிப் போடலாம்ல?”

பேசப் பேச வளையல் கையெல்லாம் மறந்துபோனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாயி எப்போதோ பதிவைத் தொடங்கிவிட்டிருந்தார். பிறகு போட்டுக் காட்டியபோது, “இதுவே போகட்டும், நல்லாத்தான் பேசறேன்!” என்றார் அக்கா.

கவனித்தீர்களா? ‘நாங்க’ போன இடத்தில் ‘நாம’ வந்துவிட்டது. ‘நாங்க’ என்றால் கேட்கிறவர் வாசலுக்கு வெளியே. ‘நாம’ என்றால் அவரும் உள்ளே. ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இரண்டுக்கும் ஒரே சொல். தாயிக்கு இதை விளக்க ஆரம்பித்தேன், முடிக்கக்கூட விடவில்லை. “ஆம்ஹி, ஆபண்!” என்றார். மராத்தியிலும் ‘நாங்க’வுக்கும் ‘நாம’வுக்கும் இதே மாதிரி தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன!

மைக் பிடிக்க ஆசைப்பட்டு எனக்கு எழுதும் தம்பி தங்கைகளே… குரல் தேன் மாதிரி இருக்க வேண்டியதில்லை. எழுதியதை ஒப்பிக்காதீர்கள், எதிரே ஒரு ஆளை உட்காரவைத்து அவருக்குச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் ‘நாங்க’ எத்தனை, ‘நாம’ எத்தனை என்று நீங்களே கேட்டுப்பாருங்கள். ரேடியோ நேயர்களுக்கும் ஒன்று: நிகழ்ச்சிக்குப் போன் செய்யும்போது வீட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். பிடிக்கவில்லை என்றால் பேசாமல் ஸ்டேஷனை மாற்றாதீர்கள், கூப்பிட்டுத் திட்டுங்கள். எங்களுக்கு… மன்னிக்கவும், நமக்கு அதுதான் உரம்.

சாந்தி அக்கா பேசியது ஞாயிறன்று ஒலிபரப்பானது. பார்லர் பெயரைக் கடைசியில் ஒரே ஒரு தடவை நான் சொன்னேன். புதன்கிழமை அவரிடமிருந்து போன்.

“ஒரு பொண்ணு ஹெல்மெட்ட கையில வெச்சிக்கினு வாசல்ல வந்து நின்னாம்மா. ஈரத்தலை அக்கா நீங்கதானான்னு கேட்டா! நேத்து அவ கம்பெனி பொண்ணுங்களையும் இட்டுக்கினு வந்துட்டா.”

“கொழுந்தனாரு என்னக்கா சொல்றாரு?”

“அவரா? காலையில மார்க்கெட்டுக்குப் போயி, காடிக்கு ஒரு மழைக் கவர் வாங்கியாந்துட்டாரு!”